உங்கள் ஊரின் சிக்னலை நீங்களே அளக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை ஒரு பக்கம், ஏரி மறுபக்கம். டவர் எல்லாம் நெடுஞ்சாலையோரம். நாங்கள் மூன்று பேர் கையில் போனை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து ஊரின் சிக்னல் வரைபடத்தை எடுத்தோம். அதைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளையும், எங்களுக்கே முதலில் தெரியாமல் இருந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

போனிலேயே எத்தனை கோடு என்று காட்டுகிறதே, வரைபடம் எதற்கு?

அந்தக் கோடுகளுக்குப் பொதுவான அளவு கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதைப் போன் செய்பவர்கள் அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே இடத்தில், ஒரே நிறுவனத்தின் சிம்மில், ஒரு போன் இரண்டு கோடும் இன்னொன்று நான்கு கோடும் காட்டுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்க்கலாம்.

எங்கள் ஊர் ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் தளம், இரும்பு ஷட்டர். கைரேகை வைக்கும் மெஷினுக்கு உள்ளே நெட் கிடைக்காது. விற்பனையாளர் அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வருவார். வயதானவர்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். ஒரு பாட்டி நான்கு தடவை விரல் வைத்தும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்த அன்றுதான் அளந்துவிடுவது என்று முடிவெடுத்தோம். கடைக்குள் மைனஸ் 118, மரத்தடியில் மைனஸ் 104, ஏரிக்கரை மேல் மைனஸ் 93 (சுழியத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது, விளக்கம் கீழே). "டவர் கிடைக்கல" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்துக்கு அன்றுதான் எண் கிடைத்தது.

"சிக்னல் இல்லை" என்று புகார் சொன்னால், "எங்கள் வரைபடத்தில் உங்கள் ஊருக்குக் கவரேஜ் இருக்கிறது" என்ற பதில் வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அதற்கு மறுபதில் சொல்ல இடம், நேரம், எண் மூன்றும் சேர்ந்த சான்று வேண்டும்.

நிறுவனங்களே கவரேஜ் வரைபடம் வெளியிடுகின்றனவே?

ஆமாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, எந்தத் தொழில்நுட்பம் எங்கே கிடைக்கிறது என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். நல்ல விஷயம்தான், அவசியம் பாருங்கள். ஆனால் இப்படிப்பட்ட வரைபடங்கள் பெரும்பாலும் கணக்குப்போட்டு வரைந்தவை. டவர் உயரம், ஆன்டெனா பார்க்கும் திசை, நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றை வைத்து, திறந்தவெளியில் இவ்வளவு வரும் என்று மென்பொருள் மதிப்பிடுகிறது. உங்கள் வீட்டுச் சுவரும், தெரு முனையில் புதிதாக எழும்பிய கல்யாண மண்டபமும் அந்தக் கணக்கில் இருக்க வாய்ப்பில்லை.

எந்த ஆப்பைப் போடுவது?

வேலையைப் பொறுத்தது. நாங்கள் அதிகம் நம்புவது டவர் கலெக்டர். இலவசம், திறந்த மூலம். நடக்க நடக்க இடத்தையும் சிக்னலையும் சேர்த்துப் பதிந்து, வரைபடத்தில் ஏற்றக்கூடிய சிஎஸ்வி, ஜிபிஎக்ஸ், கேஎம்எல் கோப்பாகத் தரும். கோப்பு நம் கையில் இருப்பதுதான் இதில் முக்கியம்.

நெட்வொர்க் செல் இன்ஃபோ லைட், நின்ற இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சிறந்தது. இரண்டு சிம்மையும் தனித்தனியாகக் காட்டும். செல்மேப்பர், டவர்களை அடையாளம் காண. ஓப்பன்சிக்னல், மற்றவர்கள் அளந்ததைப் பார்க்க. டிராயின் மைஸ்பீடு 2016 முதல் இருக்கிறது. வேகத்தை அளந்து முடிவை டிராய்க்கே அனுப்பும் வசதி அதில் உண்டு. புகார் கொடுக்கப் போகிறவர்கள் அதிலும் சில சோதனைகள் செய்து வைப்பது நல்லது.

என்னிடம் ஐபோன்தான் இருக்கிறது.

ஐபோனில் மொபைல் சிக்னலின் அளவை ஆப்கள் படிக்க ஆப்பிள் விடுவதில்லை. *3001#12345#* என்று டயல் செய்தால் திறக்கும் சோதனைத் திரையில் எண்ணைப் பார்க்கலாம், ஆனால் நீங்களே நோட்டில் எழுத வேண்டும். பத்து இடம் அளக்க அது போதும். ஊர் முழுக்க அளக்க ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனைக் கடன் வாங்குங்கள்.

மைனஸ் 95, மைனஸ் 110 என்று வருகிறதே, எது நல்லது?

கடன் கணக்குபோல நினைத்துக்கொள்ளுங்கள். 110 ரூபாய் கடன் வைத்திருப்பவரைவிட 95 ரூபாய் கடன்காரர் தேவலை. சுழியத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது.

இந்த அளவுக்கு டிபிஎம் என்று பெயர், இரண்டு அளவுகளின் வித்தியாசத்தைச் சொல்லும்போது டிபி. இதில் 3 குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. எங்கள் ரேஷன் கடைக்கும் வேப்பமரத்துக்கும் உள்ள 14 டிபி வித்தியாசம் காகிதத்தில் சின்ன எண். உண்மையில் கடைக்குள் வருவது மரத்தடியில் வருவதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்கு.

4ஜியில் பார்க்க வேண்டிய எண் ஆர்எஸ்ஆர்பி, அதாவது டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் பலம். எங்கள் வரைபடத்தில் மைனஸ் 95க்கு மேல் பச்சை, மைனஸ் 95 முதல் 105 வரை மஞ்சள், 105 முதல் 115 வரை ஆரஞ்சு, அதற்கும் கீழே சிவப்பு. மஞ்சளில் வெளியே பேசலாம், வீட்டுக்குள் போனால் தடுமாறும். சிவப்பில் அழைப்பு போனாலும் போகும், போகாமலும் போகும்.

2ஜி, 4ஜி, 5ஜி எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போடலாமா?

வேண்டாம். 2ஜியில் போன் காட்டுவது அந்த அலைவரிசை முழுவதிலும் வந்து சேரும் மொத்த சக்தி. 4ஜியின் ஆர்எஸ்ஆர்பி, நூற்றுக்கணக்கான துணை அலைகளில் ஒன்றே ஒன்றின் சக்தி. அதனால் 2ஜியில் மைனஸ் 85 என்பதும் 4ஜியில் மைனஸ் 85 என்பதும் ஒன்றல்ல. கலந்து போட்டால் 2ஜி மட்டும் கிடைக்கும் தெரு பச்சையாகத் தெரியும், அங்கே படிக்கிற பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு ஓடாது. தனித்தனி அடுக்காகப் போடுங்கள்.

4ஜியை மட்டும் அளக்க, நிறைய ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* டயல் செய்தால் வரும் திரையில் "எல்டிஇ மட்டும்" (எல்டிஇ என்பது 4ஜிதான்) என்று மாற்றலாம். இல்லாவிட்டால் 4ஜி பலவீனமாகும் இடத்தில் போன் தானாக 2ஜிக்கு இறங்கிவிடும். அளந்து முடித்ததும் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

எப்படி நடக்க வேண்டும்?

அளவெடுப்பதில் பாதி இதுதான்.

போனைச் சட்டைப்பையில் போடாதீர்கள். நெஞ்சு உயரத்தில், உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, கையில் பிடித்தபடி நடங்கள். நம் உடம்பே சிக்னலை மறைக்கும். டவர் முதுகுப் பக்கம் இருந்தால் சில டிபி குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு தெருவையும் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று இரண்டு திசையிலும் பதியுங்கள்.

புறப்படும் முன் ஜிபிஎஸ் பிடிக்க இரண்டு நிமிடம் வெட்டவெளியில் நில்லுங்கள். துல்லியம் 10 மீட்டருக்குள் வந்ததும் பதிவைத் தொடங்குங்கள். இடம் அறியும் அனுமதியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் அது இல்லாமல் எந்த ஆப்பும் டவர் விவரத்தைப் படிக்க முடியாது.

திரையை அணைக்காதீர்கள். எங்கள் முதல் நடை முழுவதும் இதனால் வீணானது. பேட்டரியை மிச்சப்படுத்தத் திரையை அணைத்துவிட்டு காலனியிலிருந்து மேட்டுத்தெரு வரை நடந்தோம். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால் அரை கிலோமீட்டருக்கு ஒரே எண்: மைனஸ் 101, மைனஸ் 101, மைனஸ் 101. பல போன்களில் திரை அணைந்தால் சிக்னல் அளவு புதுப்பிக்கப்படுவதில்லை, பழைய எண்ணையே ஆப் திரும்பத் திரும்ப எழுதும். இப்படி ஒரே எண் நீளமாக வந்தால் அந்தப் பகுதியை நம்பாமல் மறுபடி நடந்து எடுங்கள். மொபைல் டேட்டாவையும் ஆன் செய்து வையுங்கள்.

ஒரு ஊரை ஒரே மாடல் போனால் அளப்பது நல்லது. போனுக்குப் போன் சில டிபி மாறும். எங்களிடம் மூன்று வேறு போன்கள் இருந்தன. மூன்றையும் கோயில் திண்ணையில் வரிசையாகப் பத்து நிமிடம் வைத்து, எது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்ட பிறகே ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம்.

சிக்னலே இல்லாத இடத்தில் என்ன பதிவாகும்?

நீங்கள் கவனிக்காவிட்டால், ஒன்றும் பதிவாகாது. இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள்.

பெரும்பாலான ஆப்கள் கிடைத்த சிக்னலைத்தான் எழுதும். கிடைக்காத இடம் கோப்பில் வராது, வரைபடத்தில் வெறும் இடைவெளியாக இருக்கும். யாரும் அளக்காத இடமும் அதே இடைவெளிதான். பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இணையத்தில் உள்ள பொது வரைபடங்களிலும் இதே சிக்கல்: சிக்னல் உள்ள ஊரில் ஆயிரம் பேர் அளந்திருப்பார்கள், இல்லாத ஊரிலிருந்து ஒரு புள்ளிகூட வந்திருக்காது. மிக மோசமான இடங்கள்தான் வரைபடத்தில் மிக அமைதியாக இருக்கின்றன.

இதற்கு நாங்கள் கண்ட வழி, சிக்னல் ஆப்புடன் சேர்த்து நடைபாதையைப் பதியும் இன்னொரு ஆப்பையும் ஓடவிடுவது. ஆஸ்மாண்ட் போதும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, செயற்கைக்கோள் போதும் என்பதால் பாதை அறுபடாமல் பதிவாகும். பிறகு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், பாதை இருந்து சிக்னல் புள்ளி இல்லாத இடமெல்லாம் செத்த இடம். அதைக் கருப்பில் வரைந்தோம். மலையை ஒட்டிய சுடுகாட்டுப் பாதையும் அதற்கப்பால் உள்ள பதினொரு வீடுகளும் முழுக்கக் கருப்பாக வந்தன. அந்த வீடுகளில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழைக்கக் கால் கிலோமீட்டர் ஓடி வர வேண்டும்.

கருப்பு இடத்தில் திரை என்ன சொல்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். "சேவை இல்லை" என்றால் எந்த நிறுவனத்தின் டவரும் எட்டவில்லை. "அவசர அழைப்புகள் மட்டும்" என்றால் உங்கள் நிறுவனம் இல்லை, வேறொருவரின் டவர் எட்டுகிறது. அங்கே 112 போகும்.

வீட்டுக்குள் எப்படி அளப்பது?

ஜிபிஎஸ் வீட்டுக்குள் சரியாகப் பிடிக்காது, அதனால் நடந்து எடுக்க முடியாது. வாசல், கூடம், சமையலறை, மொட்டை மாடி என்று நின்று ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் பார்த்து, அடிக்கடி வரும் எண்ணை எழுதுங்கள்.

எந்தக் கூரை என்பதையும் எழுதுங்கள். தகர ஷீட் சிக்னலைத் திருப்பி அனுப்பிவிடும், கம்பி கட்டிய காங்கிரீட் தளம் நிறையக் குடிக்கும், ஓட்டு வீடு அவ்வளவு தடுக்காது. காலனியில் தகர ஷீட் போட்ட ஒரு வீட்டில், ஜன்னல் பக்கத்து ஆணியில் மஞ்சப்பை தொங்கியது. பைக்குள் போன். "அங்க மாட்டினாத்தான் தம்பி எம் மவன் பேசுறது கேக்கும்" என்றார் அந்த அம்மா. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். ஆணியில் மைனஸ் 109, நான்கடி தள்ளிக் கட்டிலில் மைனஸ் 121. எந்தக் கருவியும் இல்லாமல் தன் வீட்டின் சிக்னல் வரைபடத்தை அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஆணிகள் இருக்கும். அளக்கும் முன் வீடு வீடாகக் கேளுங்கள்.

சிக்னல் பச்சையாக இருக்கிறது, நெட் மட்டும் ஓடவில்லை. ஏன்?

சிக்னல் வேறு, வேகம் வேறு. ஒரு டவரின் கொள்ளளவை அதில் இருக்கும் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஊரே வீடியோ பார்த்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். இன்னொரு காரணம் இரைச்சல். இரண்டு டவர்களின் அலை ஒரே இடத்தில் சம பலத்தில் மோதினால் சக்தி இருந்தும் தெளிவு இருக்காது. எஸ்ஐஎன்ஆர் என்ற எண்ணில் இது தெரியும். அது சுழியத்துக்குக் கீழே போனால் தகராறு.

விடியற்காலை ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அளங்கள். ஆர்எஸ்ஆர்பி மாறாமல் வேகம் மட்டும் விழுந்தால் அது நெரிசல். புகாரில் அதை அப்படியே சொல்லுங்கள், ஏனென்றால் நெரிசலுக்கான தீர்வும் எட்டாத சிக்னலுக்கான தீர்வும் வேறுவேறு. வேகச் சோதனை டேட்டாவை வேகமாகத் தின்னும், 5ஜியில் ஒரே சோதனைக்குச் சில நூறு எம்பி போய்விடும். ஐந்தாறு இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

மழை வந்தால் சிக்னல் போய்விடுகிறது. மழை தடுக்கிறதா?

நம் போன்கள் பயன்படுத்தும் 700 முதல் 3500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை மழை பொருட்படுத்தும்படி தடுப்பதில்லை. போவது பெரும்பாலும் கரண்ட். மின்சாரம் நின்று, டவரின் பேட்டரியும் தீர்ந்தால் டவர் அணைந்துவிடும். சில டவர்கள் ஒன்றுடன் ஒன்று மைக்ரோவேவ் தட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். அந்த உயர் அலைகளைக் கனமழை தடுக்கும். எனவே மழை நாளில் சிக்னல் போன நேரத்தையும் கரண்ட் போன நேரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்துச் சிக்னல் போகிறது என்று நான்கு தடவை எழுதிக் காட்டினால், பேட்டரியைச் சரிபார்க்கச் சொல்லி நேராகவே கேட்கலாம்.

என் போன் எந்த டவரில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

4ஜியில் முடியும். ஆப் காட்டும் செல் ஐடியை 256 ஆல் வகுங்கள். ஈவு டவரின் எண், மீதி அந்த டவரில் எந்தப் பக்கத்து ஆன்டெனா என்பது. உதாரணமாக 1234443 என்றால் டவர் 4822, செல் 11. தெருவில் நடக்கும்போது ஈவு மாறினால் டவர் மாறிவிட்டது.

சில போன்கள் டைமிங் அட்வான்ஸ் என்ற எண்ணையும் காட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் சுமார் 78 மீட்டர். 20 என்று வந்தால் டவர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில். டவர் நிற்கும் இடத்தை மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்க்கலாம். ஆப்கள் வரைபடத்தில் குத்தும் டவர் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். அது அளந்தவர்கள் நடந்த இடங்களை வைத்துப் போட்ட உத்தேசம். ஒரு ஆப் எங்கள் டவரை ஏரிக்கு நடுவில் நிறுத்தியிருந்தது.

கோப்பை எப்படி வரைபடமாக்குவது?

கணினியில் கூகுள் மை மேப்ஸைத் திறந்து சிஎஸ்வி கோப்பை ஏற்றி, சிக்னல் எண்ணை வைத்து நிறம் பிரித்தால் அரை மணி நேர வேலை. ஒரு அடுக்கில் 2000 புள்ளிகள்தான் ஏறும் என்பதால் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்னும் விரிவாகச் செய்ய கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான்.

கடைசியில் ஒரு தாளில் பெரிதாக அச்சிடுங்கள். தெருப் பெயர், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். எங்கள் ஊரில் அந்தத் தாளைப் பார்த்துப் பெரியவர்கள்தான் முதலில் திருத்தம் சொன்னார்கள்.

பொதுவில் போட்டால் ஆபத்து உண்டா?

நடைப்பதிவு உங்கள் வீட்டு வாசலில் தொடங்கி அங்கேயே முடியும். வெளியிடும் முன் தொடக்கத்திலும் முடிவிலும் நூறு மீட்டரை வெட்டிவிடுங்கள். வீட்டுக்குள் எடுத்த அளவுகளில் பெயர் போடாதீர்கள், "தகர ஷீட் வீடு, காலனி" என்பது போதும்.

யாரிடம் கொடுப்பது?

முதலில் உங்கள் நிறுவனத்தின் புகார் மையம். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைத்தொடர்புத் துறைக்கு, மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளம் வழியாக எழுதலாம்.

கிராம சபையையும் விடாதீர்கள். வரைபடத்தை இணைத்துத் தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்புங்கள். சேவை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புக்கொண்டது: 24,680 கிராமங்கள், 26,316 கோடி ரூபாய், செயல்படுத்துவது பிஎஸ்என்எல். உங்கள் குக்கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தாய்க் கிராமத்தில் சிக்னல் இருந்தால் குக்கிராமமும் அதன் கணக்கிலேயே "உண்டு" என்று போய்விடலாம். கருப்புப் புள்ளிகள் அங்கேதான் பேசும்.

பூஸ்டர் வாங்கி மாட்டிவிடலாமா?

கூடாது. உரிமம் இல்லாமல் மொபைல் பூஸ்டர் வைத்திருப்பதே இந்தியாவில் சட்டவிரோதம், ஆன்லைனில் விற்கிறார்கள் என்பதால் சட்டபூர்வம் ஆகிவிடாது. அது கிளப்பும் இரைச்சல் சுற்றியிருக்கும் வீடுகளின் அழைப்பையும் கெடுக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். டவரே இல்லாமல் பேசலாம்.

வீட்டு வைஃபையையும் இப்படி அளக்கலாமா?

அளக்கலாம், வைஃபைமேன் போன்ற ஆப் போதும். மைனஸ் 67க்கு மேல் இருந்தால் வீடியோ அழைப்பு தடுமாறாது. பெரும்பாலும் ரவுட்டரை டிவி ஸ்டாண்டின் பின்னாலிருந்து எடுத்து வீட்டின் நடுவில், உயரத்தில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒருமுறை எடுத்தால் போதுமா?

போதாது. புதிய டவர் வந்தாலும், இருக்கிற டவரில் ஆன்டெனாவின் சாய்வை மாற்றினாலும் படம் மாறிவிடும். நாங்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தை மாதத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை நடக்கிறோம். புளியமரங்கள் நிறைய உள்ள தெருவில் இலை அடர்ந்திருக்கும்போது சில டிபி குறைகிறது. போன தையில் மேட்டுத்தெரு ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது. சுடுகாட்டுப் பாதைக்கு அப்பால் உள்ள பதினொரு வீடுகள் இன்னும் கருப்பில்தான் இருக்கின்றன. அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளைத்தான் மறுபடி எடுத்துப் போகிறோம்.